மிக்ஸிங்குக்குக் கொடுத்தேன்: 18,500 ரூபாயும் போச்சு, அம்மாயி குரலும் போச்சு

நேற்று ராத்திரியிலிருந்து தூக்கமில்லை. சேலத்தில் ஒரு ஆடியோ மிக்ஸிங் (தனித்தனியாகப் பதிந்த குரலையும் தாளத்தையும் ஒரே பாட்டாகச் சேர்க்கும் வேலை) ஸ்டுடியோவில் 18,500 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பெயர் போடவில்லை. பாட்டு, குறும்படம் என்று கொடுக்கப் போகிறவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறார். ஆயுசெல்லாம் காப்பித் தோட்ட வேலை. பழம் பறிக்கும்போது பாடும் பாட்டு, கும்மி, தாலாட்டு என்று ஏழு பாட்டு. ஒவ்வொரு மைக்கையும் தனித்தனி டிராக்காகப் பதியும் எட்டு டிராக் ரெக்கார்டரை வாடகைக்கு எடுத்துப் போய், குரலுக்குத் தனி மைக், உடுக்கைக்குத் தனி மைக், கும்மி கொட்டும் கைகளுக்குத் தனி மைக் என்று வைத்து, 24 பிட்டில் பதிந்தேன் (பிட் கூடக் கூட மெல்லிய சத்தத்துக்கும் உரத்த சத்தத்துக்கும் நடுவே இடம் கூடும்). பொங்கல் முடிந்து வழுக்கி விழுந்ததிலிருந்து அம்மாயிக்கு மூச்சுப் பிடித்துப் பாட முடியவில்லை. ரெக்கார்டரின் மெமரி கார்டில் இருந்ததுதான் எல்லாம்.

ஸ்டுடியோக்காரர் தாலாட்டைப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். "எங்க ஆத்தாவும் இப்படித்தான் சார் இழுத்துப் பாடும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். "கார்டு இங்கயே இருக்கட்டும், முடிஞ்சதும் தரேன்" என்றதும் கொடுத்தேன். 18,500 ரூபாயையும் மொத்தமாக அனுப்பினேன். லேப்டாப்பில் காப்பி இருந்தது மூன்று பாட்டுக்குத்தான்.

பத்து நாள் கழித்து பைல் வந்தது. கும்மி உச்சத்துக்குப் போகும் இடமெல்லாம் தகரத்தைத் தட்டுகிற மாதிரி கேட்டது. பெரிதாக்கிப் பார்த்தால் அலையின் மேல்பக்கம் கத்தரியால் வெட்டினது போல் தட்டையாக இருக்கிறது. எந்தெந்த பிட் உண்மையில் அசைகிறது என்று காட்டும் பிட் மீட்டரில் போட்டேன். பேருக்கு 24 பிட், கீழே உள்ள எட்டு பிட்டும் அசையவே இல்லை, எல்லாம் பூஜ்ஜியம்; உள்ளே இருப்பது 16 பிட்தான். அவர் கொடுத்த டிரைவிலேயே நடுவில் செய்த பைல்களும் கிடந்தன: குரலை எல்லாம் சேர்த்து ஒரு 16 பிட் பைல், தாளத்தைச் சேர்த்து இன்னொன்று. அந்தக் குரல் பைலிலேயே மேல்பக்கம் வெட்டுப்பட்டிருந்தது.

16 பிட்டைக் குறை சொல்லவில்லை. சிடியே அதில்தான் வருகிறது, மெல்லிய சத்தத்திலிருந்து உச்சம் வரை ஏறக்குறைய 96 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) இடம் இருக்கிறது. ஆனால் ஒரே அளவுள்ள இரண்டு டிராக் ஒன்றாக ஏறினால் 6 டெசிபல் வரை கூடும், அதாவது ஒரு பிட் அதிகம் வேண்டும். எட்டு டிராக் உச்சத்தில் சேர்ந்தால் மூன்று பிட். நடுவிலேயே 16 பிட்டில் அடைத்தால் மேலே வழிவது வெட்டுப்படும், கீழே மெல்லியது உதிரும். தாலாட்டு முடியும் இடத்தில் சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள், குரல் தேயத் தேய மணலைத் தேய்ப்பது போல் ஒரு கரகரப்பு.

போன் செய்தால், "உள்ள 32 பிட் ஃப்ளோட் சார், மீட்டர் சிவப்புல போனாலும் ஒண்ணும் ஆகாது" என்றார். 32 பிட் ஃப்ளோட் என்பது உச்சத்தைத் தாண்டின சத்தத்தையும் வெட்டாமல் வைத்துக்கொள்ளும் முறை. சாஃப்ட்வேருக்குள் இருக்கும்வரை அது சரிதான், குறைத்துக்கொள்ளலாம். 16 பிட் பைலாக எழுதின பிறகு எதைக் குறைப்பது? இரண்டாம் தடவை, "உங்க ஸ்பீக்கர் சரியில்லை." மூன்றாம் தடவை மலையிலிருந்து இருபது ஹேர்பின் வளைவும் இறங்கி நேரில் போனேன். பையன்தான் இருந்தான். "அண்ணன் ஷூட்டிங்ல இருக்காருங்ணா." சரி, அசல் பைலையாவது கொடுங்கள் என்றேன். கார்டு கையில் வந்தது, காலியாக! இடம் பத்தவில்லை என்று அழித்துவிட்டார்களாம். ஏழு பாட்டும் சேர்ந்து இரண்டரை ஜிபி கூட வராது.

18,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டதற்கு, "வேலை செஞ்சு குடுத்தாச்சே சார்" என்று மெசேஜ். அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

கார்டைக் கொடுக்காதீர்கள், காப்பியைக் கொடுங்கள். முழுப் பணமும் முன்னால் வேண்டாம். மிக்ஸை 32 பிட் ஃப்ளோட்டில் ஒரு பைல் கேளுங்கள், வாங்கும்போதே பெரிதாக்கிப் பாருங்கள். வேறு எதுவும் இப்போது எழுத வரவில்லை. நாலு பாட்டுக்கு அசல் இல்லை. பாட்டு எப்ப வரும் சாமி என்று அம்மாயி தினமும் கேட்கிறார்.