தூண்டில் நரம்பு வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தொண்டிக்கும் எஸ்.பி.பட்டினத்துக்கும் நடுவில் ஒரு சின்ன முகத்துவாரம். என் அக்கா மகன் கையில் இருந்த தூண்டில் ராடில் ஒரு பெரிய கொடுவா மீன் ஏறியது, அரை நிமிஷத்தில் அறுத்துக்கொண்டு போனது. போகும்போது லூரையும் (செயற்கை இரை) லீடரையும் (லூருக்கும் நரம்புக்கும் நடுவில் கட்டும் துண்டு நரம்பு) நாலைந்து மீட்டர் நரம்பையும் சேர்த்தே கொண்டு போய்விட்டது. தூண்டில் போடுகிறவனுக்கு மீன் தப்புவது சாதாரண விஷயம். ஆனால் அன்றைக்கு அறுந்தது மீனின் பலத்தால் அல்ல. போலி நரம்பையும் போலி ரீலையும் எனக்கு ஒருவன் விற்றிருக்கிறான், நான் அதைப் பையன் கையில் கொடுத்திருக்கிறேன். இன்னும் நாலு பேர் ஏமாறக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் காரைக்குடியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் ஊருணி உண்டு, கண்மாய் உண்டு, கடல் கிடையாது. தேவகோட்டை, திருவாடானை வழியாக ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டினால் பாக் விரிகுடா வந்துவிடும். அலை அதிகம் இல்லாத, ஆழம் குறைந்த கடல். இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடந்து போகலாம், அடியில் எங்கு பார்த்தாலும் கடல் புல். இந்தக் கடலுக்குப் பெரிய ராடும் தடித்த நரம்பும் தேவையே இல்லை. ஏழடி ஸ்பின்னிங் ராட், 2500 அளவு ரீல், பிஇ 1 என்ற கன அளவில் பின்னல் நரம்பு, 20 பவுண்டு லீடர், பத்துப் பதினைந்து கிராம் லூர் இருந்தால் போதும். மூன்று வருஷமாக ஞாயிறு தவறினாலும் மாசத்தில் இரண்டு நாளாவது போய்விடுவேன். கிடைத்தால் பாறை, கிழங்கான், ஊளி மீன்கள். எப்போதாவது கொடுவா.

அக்கா மகனுக்குப் பதினாறு வயது. தானும் வருகிறேன் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கென்று தனியாக ஒரு செட் வாங்கலாம் என்று தை மாதம் போனில் தேடியபோது ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம் கண்ணில் பட்டது. ஜப்பான் கம்பெனி பெயர் போட்ட ரீல், கடையில் கேட்கும் விலையில் பாதி. 'ஸ்டாக் கிளியரன்ஸ்' என்றான். பேச்சும் மரியாதையாகத்தான் இருந்தது. ரீல் 4,200, நரம்பு 150 மீட்டர் 1,450, லீடர் 600, லூர் நான்கு 1,400. மொத்தம் 7,650 ரூபாய். ஜிபே போட்டேன், ஐந்தாம் நாள் பார்சல் வந்தது. பில் இல்லை. கேட்டதற்கு, "வாட்ஸ்அப்ல அனுப்புறேண்ணே" என்றான். இன்றுவரை வரவில்லை. அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

இன்னொரு இடத்திலும் யோசித்திருக்க வேண்டும். என்னுடைய பழைய ரீலும் அதே 2500 அளவுதான். அதன் ஸ்பூலில், அதாவது நரம்பு சுற்றும் உருளையில், 'பிஇ 1, 200 மீட்டர்' என்று அச்சடித்திருக்கும், 200 மீட்டர் சுற்றினால் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே கச்சிதமாக நிற்கும். புது ரீலின் ஸ்பூலிலும் அதே எழுத்துதான். ஆனால் 150 மீட்டர் ஏற்றியதற்கே நரம்பு விளிம்பைத் தாண்டி வழிந்தது. கம்பி தடித்தால் மோட்டாரில் அதைச் சுற்றும் ஸ்லாட் சீக்கிரம் நிரம்பும். அதைத்தான் நாள் முழுக்கக் கடையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குப் பையனின் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் இது மனசில் பதியவில்லை.

அன்று காலை வெளிச்சம் வரும்போதே தண்ணீரில் இறங்கிவிட்டோம். வற்றம் ஆரம்பித்து, அதாவது கடல் மட்டம் இறங்க ஆரம்பித்து, முகத்துவாரத்திலிருந்து கலங்கல் தண்ணீர் கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கலங்கலும் தெளிவும் சேரும் ஓரத்தில்தான் கொடுவா நிற்கும். பையனுக்கு என் பழைய மின்னோ லூர் ஒன்றைக் கட்டிக் கொடுத்தேன். நாலாவது வீச்சிலேயே தண்ணீர் குழிந்து, 'டொப்' என்று ஒரு சத்தம். ராட் வளைந்தது. மீன் இழுத்தால் ரீலில் நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிடிதான் ட்ராக், அது இளகி நரம்பு ஓட வேண்டும். ஓடவில்லை. ஒரு வினாடி இறுகி நின்று, சடக்கென்று விட்டு, மறுபடி இறுகியது. மீன் ஒரே ஒரு தடவை தலையை உதறி மேலே எழும்பியது. வெள்ளிப் பாளம் போல அகலமான உடம்பு, நான் கண்ணால் பார்த்தேன். அதோடு சரி. ராட் நிமிர்ந்துவிட்டது.

லீடர் முடிச்சில் அறுந்திருந்தால் குற்றம் என்னுடையது, நரம்பையும் லீடரையும் சேர்க்கும் அந்த எஃப்ஜி முடிச்சைப் போட்டவன் நான். அறுந்தது அங்கே இல்லை. முடிச்சுக்கு நாலைந்து மீட்டர் மேலே, எதிலும் உரசாத இடத்தில் அறுந்திருந்தது. கொடுவாயின் செவுள் மூடி கத்தி மாதிரி இருக்கும், நரம்பை அறுக்கும் என்பார்கள். அது லீடர் இருக்கும் பக்கத்தில்தான் நடக்கும். இவ்வளவு மேலே எட்டாது.

கரையில் ஒரு பாய் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயது தாண்டியவர். நாங்கள் போகும் நாளெல்லாம் அவரைப் பார்ப்போம். அறுந்த நுனியை வாங்கி விரலில் உருட்டினார், நாக்கில் நனைத்துப் பல்லில் வைத்து லேசாக இழுத்தார். "தம்பி, இது நூலு. தையக்கடை நூலு மாதிரி இருக்கு. இதப் போட்டா கொடுவாயப் பிடிக்க வந்தீங்க?" என்றார். பையன் ஒன்றும் பேசவில்லை. திருவாடானை தாண்டும்போதுதான் பின்னாலிருந்து கேட்டான்: "மாமா, வாயில அந்த முள்ளோட அதால இரை எடுக்க முடியுமா?"

எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கொடுவா ஆணாகத்தான் வளர ஆரம்பிக்கும், பெருத்த பிறகு பெண்ணாக மாறும். அந்த அளவுள்ள மீன் அநேகமாகப் பெண், முட்டையிடும் மீன். பெரிசு கிடைத்தால் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விடுவதுதான் எங்கள் வழக்கம், அதைப் பையனுக்கும் சொல்லியே கூட்டிப்போனேன். லூரில் இருந்தவை நல்ல முள்கள், நானே மாற்றியவை. அவன் விற்ற லூரைக் கட்டியிருந்தால் அந்த மட்டமான முள் நிமிர்ந்து மீனாவது தப்பியிருக்கும்.

மறுநாள் கடையில் எல்லாவற்றையும் பிரித்தேன்.

முதலில் நரம்பு. உண்மையான பிஇ 1 நரம்பின் விட்டம் 0.165 மில்லிமீட்டர். எங்கள் தொழில் கணக்கில் 37 கேஜுக்கும் 38 கேஜுக்கும் நடுவில். தாமிரக் கம்பி அளக்கும் மைக்ரோமீட்டரில் வைத்தேன். ஒரு இடத்தில் 0.24, இன்னொரு இடத்தில் 0.29, சராசரியாக 32 கேஜ் கம்பி கனம். பின்னல் நரம்பு மைக்ரோமீட்டரில் நசுங்கும், அதனால் நிஜக் கனம் இதைவிடவும் கூடுதலாகத்தான் இருக்கும். தடித்த நரம்பு என்றால் பலமாவது இருக்க வேண்டுமே என்று, வழவழப்பான குழாயில் ஏழெட்டுச் சுற்று சுற்றி, நுனியில் வாளியைத் தொங்கவிட்டு, லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றினேன். பெட்டியில் போட்டிருந்தது 22 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட பத்துக் கிலோ. வாளியோடு சேர்த்து மூன்று கிலோ தாண்டியதும் அறுந்தது. மூன்று தடவையும் அப்படியே. மூன்று வருஷம் உப்பில் கிடந்த என் பழைய பிஇ 1 ஏழு கிலோ தாங்கியது.

அடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, இரண்டு நரம்பிலும் அரை அங்குலம் வெட்டிப் போட்டு அமுக்கிவிட்டேன். பழையது மேலே வந்து மிதந்தது. புதியது அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பிஇ என்றால் பாலிஎத்திலீன், அது தண்ணீரைவிட லேசு, அடர்த்தி 0.97. பாலியெஸ்டர் நூலின் அடர்த்தி 1.38, மூழ்கும். பாய் பல்லில் வைத்துச் சொன்னது சரிதான், அது தையல் நூல் ஜாதிதான். சோப்பு விடாமல் பார்க்காதீர்கள், தண்ணீர்ப் பரப்பின் இழுவிசையில் எந்த நூலும் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

லீடரும் அதே கதைதான். ஃப்ளூரோகார்பன் என்றான், அதன் அடர்த்தி 1.78, கல் மாதிரி நேராக இறங்க வேண்டும். இது தயங்கித் தயங்கி இறங்கியது. சாதாரண நைலான் நரம்பு.

ரீலைத் திறந்ததும் கோபம்தான் வந்தது. பெட்டியில் 9+1 பேரிங். உள்ளே மூன்று. மற்ற இடத்திலெல்லாம் பிளாஸ்டிக் புஷ். அந்த மூன்றிலும் ஒரே நாளில் துரு, இத்தனைக்கும் வீட்டுக்கு வந்த உடனே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்திருந்தேன். ட்ராக் வாஷர் கார்பன் என்று போட்டிருந்த இடத்தில் காய்ந்த கம்பளித் துணி, சொட்டு கிரீஸ் இல்லை. அதை அழுத்தும் இரும்பு வாஷரின் ஓரத்தில் பிசிறு. அதுதான் பிடித்துப் பிடித்து விட்டிருக்கிறது. மீன் நிறுக்கும் கைத்தராசில் நரம்பை மாட்டி இழுத்துப் பார்த்தேன். இரண்டு கிலோவுக்கு வைத்த ட்ராக் மூன்று வரை அசையவில்லை, பிறகு சட்டென்று ஒன்றுக்கு விழுந்தது, மறுபடி மூன்று. நரம்பு தாங்குவதே மூன்று. மீன் வேறு என்ன செய்யும், ஒரு உதறு உதறியது.

லூர் நான்கில் இரண்டு, 'மிதக்கும்' என்று எழுதியவை, ஒட்டுப்போட்ட விளிம்பு வழியாகத் தண்ணீர் குடித்து மூழ்கின. அதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

விற்றவனைக் கூப்பிட்டேன்.

"உப்புத்தண்ணியில போட்டீங்களாண்ணே? அப்ப வாரன்டி வராது."

"பெட்டியிலயே சால்ட் வாட்டர்னு போட்டிருக்கே தம்பி?"

"அது கம்பெனி போட்டதுண்ணே. நாங்க விக்கிறதோட சரி. நீங்க முடிச்சு சரியா போட்டிருக்க மாட்டீங்க."

அறுந்தது முடிச்சில் இல்லை என்று போட்டோ அனுப்பினேன். வாளி சோதனையின் வீடியோ அனுப்பினேன். பார்த்தான், இரண்டு நீல டிக் விழுந்தது. ராத்திரிக்குள் பிளாக் செய்துவிட்டான். அதன்பிறகு அந்தப் பக்கம் இரண்டு தடவை பெயர் மாறிவிட்டது. அதனால்தான் பெயரை இங்கே எழுதவில்லை, நீங்கள் படிக்கும்போது அது வேறு பெயரில் இருக்கும். அவன் நடந்துகொள்ளும் விதத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்: பாதி விலை, தனி ஆள் நம்பருக்குப் பணம், பில் கேட்டால் பிறகு என்பது, கடை முகவரி கேட்டால் 'ஆன்லைன் மட்டும்ணே' என்பது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசினார்கள், புகார் எண்ணும் கொடுத்தார்கள். ஆனால் எதிர்த்தரப்பின் பெயர், முகவரி, பில் எண் என்று கேட்டபோது என்னிடம் இருந்தது ஒரு போன் நம்பரும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் மட்டும். அந்த நம்பரும் இப்போது அணைந்து கிடக்கிறது. சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், எனக்கு என்றால் சிவகங்கை. ஐந்து லட்சம் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இணையத்தில் விற்பவர் தன் பெயரையும் முகவரியையும் காட்டியே ஆக வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகளும் சொல்கின்றன. ஆனால் நோட்டீஸ் அனுப்ப ஒரு வாசல் எண் வேண்டுமே. பார்சல் உறையில் அனுப்புநர் முகவரி இருந்திருக்கும். அந்த உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டதும் நான்தான்.

ஆகவே, பணம் போடுவதற்கு முன்னால் பில்லில் ஜிஎஸ்டி எண் வருமா என்று கேளுங்கள். வரும் என்றால் அந்த எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டு, அதே பெயர்தானா என்று பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை. பார்சல் பிரிக்கும்போது உறையின் முகவரி தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். நரம்பை ஸ்பூலில் ஏற்றுவதற்கு முன்னால் டம்ளர் சோதனையும் வாளி சோதனையும் செய்யுங்கள், ஒரு மீட்டர் நரம்புதான் வீணாகும். மைக்ரோமீட்டர் இல்லாதவர்கள் பென்சிலில் இருபது சுற்று இடைவெளி இல்லாமல் நெருக்கிச் சுற்றி ஸ்கேலால் அளக்கலாம். பிஇ 1 என்றால் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் வர வேண்டும், கொஞ்சம் முன்பின் இருக்கலாம். அவன் விற்றது எனக்கு ஆறு மில்லிமீட்டர் வந்தது. ரீல் வந்ததும் ராடில் மாட்டி, நுனியில் கைத்தராசைக் கட்டி, இரண்டு கிலோவில் ட்ராக் வழுக்கிக்கொண்டு ஒரே சீராக ஓடுகிறதா என்று பாருங்கள். தராசு முள் விக்கி விக்கிப் போனால் அந்த ரீலைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பையனுக்கு மதுரையில் பில் போட்டுத் தரும் கடையில் வேறு நரம்பு வாங்கியிருக்கிறேன். விலை அதிகம்தான், ஆனால் டம்ளரில் மிதந்தது, வாளியில் எட்டு கிலோ தாங்கியது. ரீலுக்குக் காசு சேரும் வரை என் ரீலை அவனுக்குக் கொடுத்துவிட்டு, நான் பாயிடம் கைத்தூண்டில் கற்றுக்கொள்ளப் போகிறேன்.

காரைக்குடிப் பக்கம் இருப்பவர்கள், வாங்கிய நரம்பில் சந்தேகம் இருந்தால் கடைக்குக் கொண்டு வாருங்கள். மைக்ரோமீட்டர் மேஜையிலேயேதான் கிடக்கும், வாளியும் இருக்கிறது. இரண்டு முழம் நரம்பு போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு நாங்கள் தொண்டியில் இருப்போம்.