பெரிய கோயிலும் குதுப்மினாரும் ஒரே திடலில்: பள்ளிக் கம்ப்யூட்டர் லேபுக்கு எந்த மெய்நிகர் உலகம்?

டெல்லியில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றின் கம்ப்யூட்டர் லேபை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் 40 பேர், ஓடும் கணினிகள் 20, பெரும்பாலும் 4 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பீரியட் 40 நிமிடம். வரிசையாக வந்து உட்காரவே ஐந்து நிமிடம் போய்விடும். மெய்நிகர் உலகத்தில், அதாவது பிள்ளைகள் கணினிக்குள் ஒன்றாக நடந்து திரிந்து கட்டும் இடத்தில், பாடம் நடத்தலாமா என்று யோசிக்கும் ஆசிரியர் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும். படம் எவ்வளவு அழகு என்பது பிறகு. பிள்ளை உள்ளே நுழைய எத்தனை நிமிடம் ஆகிறது, கட்டிய உலகம் வருடக் கடைசியில் யார் கையில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்தான் தேர்வை முடிவு செய்யும்.

எல்லாவற்றையும் ஒரே பாடத்தை வைத்து உரசிப் பார்க்கலாம். திரையில் அடுக்கும் ஒரு கட்டை ஒரு மீட்டர் என்ற அளவில், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தையும் குதுப்மினாரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுப்புவது பாடம். குதுப் 72.5 மீட்டர். 72 கட்டை வைப்பதா, 73 வைப்பதா என்று பிள்ளைகள் சண்டை போடும் இடத்திலேயே முழுமையாக்கல் பாடம் நடந்துவிடுகிறது. அடி விட்டம் 14.32 மீட்டர், உச்சி விட்டம் 2.75 மீட்டர். 14 கட்டை விட்டமுள்ள வட்டத்துக்கு 22/7 போட்டால் சுற்றளவு 44. ஆனால் சதுரக் கட்டைகளால் வளையம் வைத்து எண்ணினால் 44 வராது. ஏன் வராது என்று கேட்கும் பிள்ளைக்கு அன்றைய பாடம் முழுக்கக் கிடைத்துவிட்டது. விமானம் 216 அடி, சுமார் 66 மீட்டர். அடித்தளம் ஏறக்குறைய 30 மீட்டர் சதுரம். உயரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் ஒன்று மெலிந்து நிற்கிறது, இன்னொன்று அகன்று உட்கார்ந்திருக்கிறது. 1010-இல் முடிந்த கட்டடம் எது, அதற்குச் சுமார் இருநூறு வருடம் கழித்து எழத் தொடங்கியது எது என்பதும் அங்கேயே பேச்சில் வந்துவிடும்.

மைன்கிராஃப்ட் எஜுகேஷன்

கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கு 2016 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பள்ளிப் பதிப்பு. ஆசிரியருக்கு வேண்டியவை பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன: எழுதி வைக்கப் பலகை, பாடம் சொல்லும் பொம்மை மனிதர்கள், படம் எடுக்கும் கேமரா, கட்டக்கூடாத இடத்தைப் பூட்டும் கட்டைகள், கட்டளைத் துண்டுகளைப் பொருத்தியும் பைத்தான் மொழியிலும் நிரல் எழுதும் வசதி. பிள்ளைகள் சேர்வதும் எளிது. ஆசிரியர் உலகத்தைத் திறந்தால் நான்கு சின்னப் படங்கள் வரும். அதே வரிசையில் அவற்றைத் தட்டினால் உள்ளே போய்விடலாம்.

இதை மற்றவற்றிலிருந்து தனித்துக் காட்டுவது வேதியியல் பகுதி. புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் எண்ணிக்கையை நகர்த்தித் தனிமம் உண்டாக்கலாம். 2 ஹைட்ரஜனும் 1 ஆக்சிஜனும் போட்டால் தண்ணீர். 5 கார்பனும் 8 ஹைட்ரஜனும் சேர்த்தால் லேடெக்ஸ் என்ற ரப்பர் பால். அதோடு ஹீலியமும் சாயமும் கயிறும் சேர்த்தால் பலூன் மேலே எழும்பும். அணு எண்ணை உருப்போட்டு மறந்த எட்டாம் வகுப்புக்கு இது நல்ல மருந்து. குறையையும் சொல்ல வேண்டும். சோடியமும் குளோரினும் சத்தமில்லாமல் உப்பாகிவிடும். வெப்பமும் வினையின் வேகமும் ஆபத்தும் திரையில் தெரியாது. நிஜ ஆய்வகத்துக்குப் போவதற்கு முந்தைய நாள் நடத்தினால் பொருந்தும். ஆய்வகத்துக்குப் பதிலாக நடத்தினால் பிள்ளை தப்பாகவே புரிந்துகொள்ளும்.

சிக்கல் வாசலில்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியின் மைக்ரோசாஃப்ட் 365 கணக்கு வேண்டும், அதன் மேல் உரிமம் வேண்டும். ஏ3, ஏ5 வகை உரிமம் வைத்திருக்கும் பள்ளிக்கு அதிலேயே அடங்கிவிடும். இல்லையென்றால் தலைக்கு இவ்வளவு என்று வருடச் சந்தா. கணக்குகளை உண்டாக்கி, பள்ளியின் இணைய முகவரியான டொமைனைச் சரிபார்த்து முடிக்க ஓர் ஐடி ஆள் வேண்டும். முதல் நாள் பாடம் படுப்பதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. பாஸ்வேர்டு மறந்த பிள்ளைகள் முதலாவது. பாதிக் கணினிகளில் புதிய பதிப்பும் மீதியில் பழைய பதிப்பும் இருப்பது இரண்டாவது. பதிப்பு ஒன்றாக இல்லாவிட்டால் சேர முடியாது. பள்ளி வலையமைப்பின் காவல் மென்பொருளான ஃபயர்வால், கணினிகள் பேசிக்கொள்ளும் யுடிபி 19132 என்ற வழியை அடைத்து வைத்திருப்பது மூன்றாவது. ஆசிரியர் தன் கணினியிலிருந்து உலகத்தை நடத்தினால் அந்தக் கணினிதான் அச்சாணி. அது அணைந்தால் 20 திரையும் வெளியே வந்து நிற்கும். மே மாதத்தில் கரண்ட் போகும் லேபில் அந்த ஒரு கணினிக்காவது யுபிஎஸ் கட்டாயம்.

கணக்கு உண்டாக்கும்போது பிள்ளையின் முழுப் பெயரைப் போடாமல் வகுப்பும் ரோல் நம்பரும் போடுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள்தான். பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

லுவான்டி

இதுவும் கட்டை அடுக்கும் உலகம்தான். 2010-இல் மைன்டெஸ்ட் என்ற பெயரில் பிறந்தது. 2024 அக்டோபரில் பெயர் மாறியது. யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த மூல மென்பொருள், காசு கிடையாது, கணக்கு கிடையாது. விண்டோஸுக்கான ஜிப் கோப்பை விரித்து அந்த ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்துப்போய் ஒவ்வொரு கணினியிலும் போட்டால் போதும், இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. ஒரு கணினியை மற்றவை வந்து சேரும் சர்வராக வைத்தால் லேபுக்குள் இணையமே இல்லாமல் ஓடும். டெல்லியின் பல லேபுகளுக்கு இந்த ஒன்றே போதுமான காரணம்.

அமைப்பைச் சொல்கிறோம். சர்வர் கணினியில் கட்டைகள் தீராமல் கிடைக்கும் கிரியேட்டிவ் முறையை இயக்குங்கள், விழுந்தால் அடிபடும் டேமேஜை அணையுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் கோபுரத்திலிருந்து விழுந்து செத்துச் செத்து எழுந்து பாதிப் பீரியடைத் தொலைப்பார்கள். காலி பாஸ்வேர்டைத் தடை செய்யும் அமைப்பைப் போடுங்கள். போடாவிட்டால் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் பெயரில் நுழைந்து கட்டியதை இடிக்கும், குற்றவாளி யாரென்றே தெரியாது. 'ஏரியாஸ்' என்ற கூடுதல் தொகுப்பைச் சேர்த்து ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் இடத்தைப் பூட்டிக் கொடுங்கள். தொல்லை கொடுக்கும் பிள்ளையிடமிருந்து பேசும் உரிமையையோ கட்டும் உரிமையையோ ஒரே கட்டளையில் திரும்ப வாங்கலாம். மின்சுற்றுப் பாடத்துக்கு 'மெஸிகான்ஸ்' தொகுப்பு அருமையானது. சுவிட்ச், கணினிச் சுற்றுகளின் அடிப்படையான அண்ட் கேட், ஆர் கேட் எல்லாம் நடந்து சுற்றிப் பார்க்கும் அளவில் கட்டலாம்.

கணினி திணறினால் பார்வைத் தூரத்தை 60 கட்டைக்குக் குறையுங்கள், நிழல்களை அணையுங்கள். ஆனால் 72 கட்டைக் குதுப்பின் உச்சி அடியிலிருந்து தெரியாமல் போகும். கடைசி ஐந்து நிமிடத்தில் ஆசிரியர் கணினியில் மட்டும் தூரத்தைக் கூட்டி புரொஜெக்டரில் காட்டுங்கள்.

எங்கே உடையும்? கணினிகள் சர்வரைக் காணவில்லை என்றால் பத்துக்கு ஒன்பது முறை இரண்டில் ஒன்றுதான். சர்வர் கணினியின் விண்டோஸ் ஃபயர்வால் யுடிபி 30000-ஐத் தடுத்திருக்கும், அல்லது வைஃபை ரூட்டர் ஒரு கருவி இன்னொன்றோடு பேசாதபடி பிரித்து வைத்திருக்கும். முடிந்தவரை லேன் கேபிளையே நம்புங்கள். இன்னொன்று, முகப்பிலேயே உலகெங்கும் உள்ள பொது சர்வர்களின் பட்டியல் திறக்கும். பிள்ளை அதைத் தட்டி யாரோ ஒருவருடைய உலகத்துக்குப் போய்விடலாம். பாட நேரத்தில் லேபின் இணையத்தைத் துண்டித்துவிடுவதே சுலபமான காவல்.

தமிழ் எழுத்துதான் நமக்கு வலிக்கும் இடம். லுவான்டி எழுத்துகளை ஒவ்வொரு குறியாக வரிசையில் அடுக்குகிறது. கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவரும் வேலையைச் செய்வதில்லை. 'கோயில்' என்று பலகையில் எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். தமிழ் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு அந்தப் பலகையைக் காட்டவே கூடாது. மாற்று வழி எளிது: பலகைகளில் 1, 2, 3 என்று எண் மட்டும் போடுங்கள், எண்ணுக்குரிய சொல்லைப் பிள்ளை நோட்டில் எழுதட்டும். 1 கருவறை, 2 அர்த்தமண்டபம், 3 நந்தி. கட்டடத்துக்குள் நடந்து போய் எண்ணைப் பார்த்து, நோட்டைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசும் பிள்ளைக்குப் பலகையில் வாசிப்பதைவிட இதுவே நன்றாகப் பதியும்.

ஓப்பன்சிமுலேட்டர்

மனித உருவங்களாக உலாவும் இணைய மெய்நிகர் உலகமான செகண்ட் லைஃப் 2003-இல் வந்தது. 2010-இல் அதை நடத்தும் நிறுவனம் கல்வி நிறுவனங்களுக்கான பாதி விலைச் சலுகையை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது ஆசிரியர்கள் பலர் ஓப்பன்சிமுலேட்டர் என்ற இந்தத் திறந்த மூல மாற்றுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஒரு நிலப்பகுதி 256க்கு 256 மீட்டர். கட்டைகளுக்குப் பதில் எந்த அளவிலும் உருவங்கள் செய்யலாம் என்பதால் குதுப் உண்மையிலேயே உருண்டையாக நிற்கும். மனித உருவங்கள் இருப்பதால் சந்தை, ரயில் நிலையம் என்று பேச்சுப் பயிற்சிக்கும் ஏற்றது.

ஆனால் பார்ப்பதற்கான ஃபயர்ஸ்டார்ம் மென்பொருள் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் நகராது. உடை ஏற்றப்படாமல் பிள்ளைகள் மேகமாக மிதந்துகொண்டிருப்பார்கள். அதைச் சரிசெய்வதற்குள் மணி அடித்துவிடும். பதினொன்றாம் வகுப்புக் கணினி மாணவர்கள் சர்வர், டேட்டாபேஸ் என்று கற்றுக்கொள்ள நல்ல களம். ஆறாம் வகுப்புக்கு வேண்டாம்.

தலையில் மாட்டும் விஆர் கருவி

கண்காட்சியில் கருவி விற்க வருகிறவர்கள் முதலில் காட்டுவது இதைத்தான். கணக்குப் போடுங்கள்: 40 பேர், 4 கருவி, ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 50 நிமிடம். துடைத்து, பட்டை சரிசெய்து அடுத்தவருக்கு மாட்டுவது தனி. கருவிகள் சுமார் அரை கிலோ இருக்கும், சார்ஜ் இரண்டு மணி நேர அளவில் தீரும். மெட்டாவின் கருவிகளுக்குக் குறைந்தபட்ச வயது 10, அதுவும் பெற்றோர் கணக்கின் கீழ். மீதி 36 பேர் என்ன செய்வார்கள் என்பதற்குப் பதில் இல்லாத வரை வகுப்புக்கு இதை வாங்க வேண்டாம். அறிவியல் மன்றத்துக்கு ஒன்று இருந்தால் பயன்படும்.

உலாவியில் இணைப்பைத் தட்டியதும் திறக்கும் அறைகளும் உண்டு. நுழைவதற்கு அவற்றைப்போல் வேகமானது வேறில்லை. ஆனால் மொசில்லா அப்படிப்பட்ட தன் ஹப்ஸ் சேவையை 2024 மே 31 அன்று மூடியது. கூகுளின் எக்ஸ்பெடிஷன்ஸ் என்ற மெய்நிகர் சுற்றுலா ஆப்பும் 2021 ஜூனிலேயே போய்விட்டது. அவற்றை நம்பிப் பாடம் தயாரித்தவர்கள் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. ஹப்ஸின் மூலநிரல் திறந்திருந்ததால் சொந்த சர்வர் வைத்தவர்கள் தப்பினார்கள்.

ஆக, மைக்ரோசாஃப்ட் உரிமமும் ஐடி ஆளும் ஏற்கெனவே உள்ள பள்ளிக்கு மைன்கிராஃப்ட். மற்ற எல்லோருக்கும் லுவான்டி. 20 கணினிக்கு 40 பேரை இருவர் இருவராக உட்கார வையுங்கள். ஒருவர் கட்டட்டும், மற்றவர் கட்ட நோட்டில் வரைந்த திட்டத்தைப் படித்துச் சொல்லட்டும், பத்து நிமிடத்தில் இடம் மாறட்டும். வரைபடம் முந்தைய நாளே முடிந்திருக்க வேண்டும். வெறும் கையோடு உள்ளே விட்டால் வீடும் நீச்சல் குளமும்தான் எழும்பும்.

லுவான்டிக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு, அது நவம்பரில் தெரியும். புகைமூட்டத்தால் 2024-இல் நடந்ததுபோல் வகுப்புகள் வீட்டுக்குப் போகும் நாளில் லேப் சர்வரை வெளியிலிருந்து எட்ட முடியாது. ஆண்ட்ராய்டு போனில் லுவான்டி ஓடும், ஐபோனில் ஓடாது. போன் இருந்தாலும் இணையத்தில் சர்வர் வாடகைக்கு எடுத்தால்தான் பிள்ளைகள் சேர முடியும். மைன்கிராஃப்டில் அந்தத் தொல்லை குறைவு, சேரும் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். வாடகை சர்வர் எடுப்பதாக இருந்தால் அக்டோபரிலேயே எடுத்து, உலகத்தை அங்கே ஏற்றி, இரண்டு பிள்ளைகளை வீட்டிலிருந்து நுழையச் சொல்லிப் பாருங்கள். ஏற்றுவதற்கு முன் லேப் சர்வரை நிறுத்திவிட்டுத்தான் உலக ஃபோல்டரைப் பிரதி எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த பிரதியில் வரைபடக் கோப்பு சிதைந்திருக்க வாய்ப்புண்டு, அது திறக்கும் நாளில்தான் தெரியவரும்.