பேனா ஊசி வாங்கி 23,500 ரூபாய் ஏமாந்தேன்: அலர்ஜி உள்ள குழந்தைகளின் பெற்றோர் தயவுசெய்து படியுங்கள்

அந்த ஊசியை எனக்கு விற்றவன் நேற்று இரவு என்னை பிளாக் செய்துவிட்டான். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எப்படி ஏமாந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என் மகனுக்கு நாலு வயது. வேர்க்கடலையும் முந்திரியும் ஆகாது. ஏதோ அரிப்பு வந்து போகிற ரகம் இல்லை. ஒன்றரை வயதில் பாட்டி வீட்டில் கடலைமிட்டாயை ஒரே ஒரு கடி கடித்தான். பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்து, அப்புறம் மூச்சில் விசில் சத்தம். ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஓடினோம். தொடையில் அட்ரினலின் ஊசி, கடும் அலர்ஜிக்கு அவசரத்தில் போடுவது, போட்ட பிறகுதான் அவனுக்கு வாய்விட்டு அழவே மூச்சு வந்தது.

அன்றிலிருந்து, "பொங்கலில் முந்திரியைப் பொறுக்கிப் போட்டுவிட்டால் போதாதா?" என்று கேட்கும் சொந்தக்காரர்களோடு மல்லுக்கட்டுவதே என் வேலை. இந்த வருடம் எல்.கே.ஜி. சேர்த்தோம். டாக்டர் அட்ரினலின் ஆம்பூலும் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) ஒரு மில்லி சிரிஞ்சும் எழுதிக் கொடுத்து, எவ்வளவு இழுக்க வேண்டும், எங்கே போட வேண்டும் என்று எனக்குப் பழக்கியிருந்தார். ஆனால் முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு டீச்சர் ஆம்பூலை உடைத்து, 0.15 மில்லி, அதாவது 0.15 மில்லிகிராம் மருந்து, அளந்து போடுவாரா? தொடையின் வெளிப்பக்கத்தில் வைத்து அழுத்தினால் மருந்து தானாக இறங்கும் பேனா ஊசி வெளிநாடுகளில் இருக்கிறது. இங்கே மருந்துக்கடைகளில் கேட்டால் இன்சுலின் பேனாவை எடுத்துக் காட்டினார்கள்.

அப்படித் தேடியபோது மாட்டியதுதான் அந்தப் பக்கம். சமூக ஊடகத்தில் வெளிநாட்டு மருந்து வரவழைத்துத் தருகிறோம் என்று நடத்துகிறார்களே, அந்த மாதிரி. நான் திருச்சிக்காரி. குருவிகள், அதாவது விமானத்தில் போய்ச் சாமான் கொண்டுவந்து தருபவர்கள், கையில் சிங்கப்பூர் சாமான் வருவது எங்கள் ஊரில் அதிசயமே இல்லை, தைலம் முதல் சாக்லேட் வரை அப்படித்தான் வாங்கியிருக்கிறோம். மருந்தும் தைலமும் ஒன்றா என்று அப்போது தோன்றவில்லை.

அப்படியும் இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அவனே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். "அக்கா, எங்க அக்கா பொண்ணுக்கும் கடலை அலர்ஜிதான். ராத்திரி தூக்கம் வராதுன்னு எனக்குத் தெரியும்க்கா. உங்க பையன் எத்தனை கிலோன்னு மட்டும் சொல்லுங்க." எத்தனை கிலோ என்று கேட்டானே, அதில்தான் விழுந்தேன். என் வீட்டு ஆட்களே கேட்காத கேள்வி அது! பதினாறு கிலோ தம்பி என்றேன். அப்படியென்றால் 0.15 மில்லிகிராம் பேனாதான் என்றான். டாக்டர் சொன்ன அதே அளவு. இரண்டு பேனா 23,500 ரூபாய். சீட்டு எடுத்து வைத்திருந்த பணம். உடனே அனுப்பிவிட்டேன்.

ஒன்பது நாளில் பார்சல் வந்தது. இரண்டு பேனாவிலும் வெள்ளை ஸ்டிக்கர். "இறக்குமதி லேபிள்க்கா, கிழிச்சிடாதீங்க" என்றான். நானும் பத்திரமாக ஒன்றை என் பையிலும் இன்னொன்றை டீச்சரிடமும் வைத்தேன்.

போன வியாழக்கிழமை டாக்டரிடம் இரண்டையும் காட்டினேன். சாம்பல் நிறத்தில் இருந்த பேனாவைத் திருப்பிப் பார்த்தவர், ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, தன் தொடையிலேயே வைத்து அழுத்தினார். டக் என்று சத்தம் வந்தது, அவ்வளவுதான். "அம்மா, இது பழகிப் பார்க்கத் தர்ற டம்மி. இதுல ஊசியும் இல்ல, மருந்தும் இல்ல" என்றார். வெளிநாட்டில் இரண்டு பேனா உள்ள பெட்டியோடு இப்படி ஒரு பயிற்சிப் பேனாவும் வருமாம். ஒரு நிஜப் பேனாவை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் டம்மியை வைத்திருக்கிறான். மீதி ஒன்று நிஜம்தான், ஆனால் ஸ்டிக்கருக்கு அடியில் காலாவதித் தேதி முடிந்து 14 மாதம் ஆகியிருந்தது. மருந்து தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கான சிறு கண்ணாடியையும் அதே ஸ்டிக்கர் மறைத்திருந்தது. உள்ளே மருந்து பழுப்பேறிக் கிடந்தது.

ஆறு வாரமாக என் பிள்ளையின் டீச்சரிடம் இருந்தது அந்த டம்மி. இதை எழுதும்போதே வயிற்றைப் பிசைகிறது.

போன் போட்டேன். பணம் கைக்கு வரும்வரை அக்கா, இப்போது மேடம். "செக் பண்றோம் மேடம்." "கூரியர்ல மாறியிருக்கும் மேடம்." "ஸ்டிக்கரைக் கிழிச்சிட்டீங்க, இனிமே ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் மேடம்." கிழித்தால்தானே திருட்டு தெரியும்! பணம் அனுப்பிய செயலியில் புகார் செய்தால், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியது, நாங்கள் பொறுப்பில்லை என்று பதில். வங்கியிலும் அதே பாட்டு. சைபர் குற்றங்களுக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். பணம் போன உடனேயே அழைத்திருந்தால் முடக்கப் பார்க்கலாமாம், இப்போது ஏழு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றார்கள். 23,500 ரூபாய். என் வீட்டுக்காரர் இன்னும் ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை, அது வேறு குத்துகிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், அதற்கு இப்போது தெம்பில்லை. சட்டென்று நினைவுக்கு வருவது இதுதான். உரிமமும் பில்லும் இல்லாதவரிடம் மருந்து வாங்காதீர்கள். தேதியையும் அந்தக் கண்ணாடியையும் வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். பார்சல் வந்த அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். பேனா கிடைக்கும்வரை ஆம்பூலையும் சிரிஞ்சையும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள், நல்லவேளை நான் போடவில்லை. பணம் போனால் அன்றே 1930.

இதே மாதிரி வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிய பேனா உங்கள் வீட்டில் இருந்தால் இப்போதே எழுந்து போய்க் கிழித்துப் பாருங்கள். ரிட்டர்ன் கிடக்கட்டும்.