பழங்கொடி ஒயின்: பரோசா ஷிராஸா, கலிஃபோர்னியா ஜின்ஃபாண்டெலா?

நூறு வயதைத் தொட்ட திராட்சைக் கொடியின் பழத்தில் செய்த சிவப்பு ஒயினைக் குடித்துப் பார்க்க வேண்டும் என்று தேடினால், போட்டிக்கு நிற்பவை முக்கியமாக மூன்று ஊர்கள்: தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா, அமெரிக்காவின் கலிஃபோர்னியா, ஸ்பெயினின் பிரியோராட். கடைசி ஊரைப் பிறகு சுருக்கமாகப் பார்க்கலாம். முதல் இரண்டுக்கும் நடுவில்தான் உண்மையான போட்டி. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். செறிவே பெரிது என்பவருக்குப் பரோசாவில் விளையும் ஷிராஸ் என்ற சிவப்பு ரகம். சாப்பாட்டோடு அருந்தி, இரண்டாவது கோப்பையையும் விரும்பிக் கேட்பவருக்கு, ஜின்ஃபாண்டெல் ரகத்தோடு வேறு ரகங்களும் கலந்து நிற்கும் கலிஃபோர்னியாவின் கலப்புத் தோட்டங்கள். நான் இரண்டாவது கட்சி.

வயதில் பரோசாவை வெல்வது கடினம். பிரஷ்ய அரசின் மத நெருக்கடியிலிருந்து தப்பி, சைலீசியாவிலிருந்து வந்த லூத்தரன் கிறிஸ்தவர்கள் 1842-இல் அங்கே குடியேறினார்கள். மறு ஆண்டே லாங்மைல் கிராமத்தில் கிறிஸ்டியன் ஆரிக்ட் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. அந்தப் பழத்தில் செய்யும் ஒயின் ‘தி ஃப்ரீடம் 1843’ என்ற பெயரில் விற்கிறது. 1860-களில் பிரான்சில் பரவத் தொடங்கி, ஐரோப்பாவின் தோட்டங்களையெல்லாம் வேரோடு சாய்த்த பூச்சி ஃபிலாக்சரா. அசுவினிக்கு உறவுக்காரப் பூச்சி. 1877-இல் அது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் காலூன்றியது. பக்கத்து மாநிலமான தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இன்றுவரை நுழையவில்லை. செடி, மண், தோட்டக் கருவி எதுவும் எளிதில் எல்லை தாண்ட முடியாதபடி சட்டம் காவல் இருக்கிறது. அதனால் பரோசாவின் முதிய கொடிகள், பூச்சியைத் தாங்கும் வேறு வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டாமல், சொந்த வேரிலேயே நிற்கின்றன.

முதிய கொடியில் அப்படி என்ன விசேஷம்? குலைகள் குறைவு, பெரும்பாலும் பழங்களும் சிறியவை. சாற்றைவிடத் தோலின் பங்கு கூடுவதால் நிறமும் துவர்ப்பும் அடர்த்தியாகின்றன. வேர் ஆழம் போயிருப்பதால் மானாவாரியாகவே கோடையைத் தாங்கும். இவையெல்லாம் சரிதான். ஆனால் வயது மட்டுமே ஒயினை உயர்த்திவிடும் என்று நான் நம்பவில்லை. மோசமான மண்ணில் நின்ற கொடிகளை அந்தந்தத் தலைமுறையே பிடுங்கி எறிந்துவிட்டது. நல்ல இடத்தில் நின்றவையே நூறாண்டு தாண்டின. நாம் விலை கொடுப்பது பாதி அந்த இடத்துக்கு.

பிடுங்கி எறிந்த கதையில் பரோசாவுக்கு ஒரு கறை உண்டு. 1980-களின் நடுவில் திராட்சை மலிந்து விலை சரிந்தபோது, கொடிகளை அகற்றுவதற்கு அரசே விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தது. ஷிராஸும் கிரனாஷும் யாருக்கும் வேண்டாத பழங்களாக இருந்த காலம் அது. இன்று எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாத கொடிகள் அப்போது விறகாயின. அந்த இழப்புக்குப் பிறகு வந்த விழிப்புதான் 2009-இல் பரோசா ஏற்றுக்கொண்ட முதிய கொடிச் சாசனம். 35, 70, 100, 125 ஆண்டுகள் என்று வயதுக்கேற்ப நான்கு படிகள். 125-ஐத் தாண்டியவற்றுக்கு ‘மூதாதை’ என்ற தகுதி. இது சட்டமல்ல, ஊர்க் கட்டுப்பாடு. ஆனாலும் வாங்குபவருக்கு இது பெரிய உதவி. வீட்டு மனைக்காக அழியவிருந்த பழங்கொடிகளை வேரோடு பெயர்த்து, வேறிடத்தில் நட்டுப் பிழைக்க வைத்த வேலையையும் லாங்மைல் ஒயின்சாலை செய்திருக்கிறது. ‘ஆர்ஃபன் பேங்க்’ ஷிராஸ் அந்தக் கொடிகளிலிருந்து வருவதுதான்.

சுவைக்கு வருவோம். நல்ல பரோசா ஷிராஸ் கோப்பையில் ஏறக்குறைய கறுப்பாகவே தெரியும். விளிம்பில் மட்டும் ஊதா. கருநிறப் பெர்ரி, கசப்புச் சாக்லேட், அதிமதுரம். நாக்கில் கெட்டியாகப் படியும். ஆல்கஹால் 14.5 சதவீதத்தில் சாதாரணமாக நிற்கும். என் மனக்குறை பழத்தின் மேல் அல்ல, பீப்பாயின் மேல்தான். புதிய அமெரிக்க ஓக் பீப்பாயில் நீண்ட நாள் வைத்து வெனிலா மணத்தை ஏற்றிவிட்டால், நூற்றைம்பது வயதுக் கொடியும் பதினைந்து வயதுக் கொடியும் ஒரே குரலில் பேசுகின்றன. கொஞ்சம் உயரமான, குளிர்ந்த ஈடன் பள்ளத்தாக்கில் விளையும் ஹென்ஷ்கே ஒயின்சாலையின் ‘ஹில் ஆஃப் கிரேஸ்’ இதற்கு விலக்கு. அதில் செறிவும் உண்டு, காற்றோட்டமும் உண்டு. விலைதான் சாமானியர் கைக்கு எட்டாது.

கலிஃபோர்னியாவின் சொத்து ஜின்ஃபாண்டெல். பூர்வீகம் அட்ரியாட்டிக் கரை. குரோவேஷியாவின் ஒரு பழைய ரகமும் இதுவும் ஒன்றே என்பதை டி.என்.ஏ. ஆய்வு 2001-இல் உறுதி செய்தது. சோனோமாவிலும் லோடியிலும் இதன் பழைய தோட்டங்களில் பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. இடுப்பளவு உயரத்தில், தொடைப் பருமனில் முறுக்கிக்கொண்ட அடிமரமாகக் கொடி தனித்தே நிற்கும். இங்கே ஃபிலாக்சரா உண்டு. சோனோமாவின் பழங்கொடிகள் பெரும்பாலும் அதைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டியவை. லோடியில் மணற்பாங்கான நிலம் பூச்சியைத் தடுத்ததால் சில தோட்டங்கள் சொந்த வேரிலேயே பிழைத்திருக்கின்றன.

இந்தத் தோட்டங்களின் உண்மையான அழகு, அவற்றில் ஜின்ஃபாண்டெல் மட்டும் இல்லை என்பதுதான். நட்டவர்கள் ஒரே வரிசையில் பெட்டிட் சிரா, கரிஞான், அலிகாந்த் புஷே என்று வேறு சிவப்பு ரகங்களையும் கலந்தே நட்டார்கள். அதில் கணக்கு இருந்தது. ஜின்ஃபாண்டெல் ஒரே குலையில் பச்சைப் பழமும் உலர்ந்த பழமுமாகப் பழுக்கும். இனிப்பு ஏறும், துவர்ப்பு போதாது. நிறத்துக்கும் துவர்ப்புக்கும் பெட்டிட் சிரா, புளிப்புக்குக் கரிஞான், அலிகாந்தின் சதையே சிவப்பு என்பதால் சாயத்துக்குக் குறைவில்லை. ஒன்றாகப் பறித்து, ஒன்றாகவே நொதிக்க வைப்பார்கள். பரோசாவில் ஒயின்காரர் பின்னால் தொட்டியில் செய்யும் கலவையை, இங்கே நட்ட கை நிலத்திலேயே செய்துவைத்துவிட்டது.

இவை பிழைத்த விதமும் வினோதம். 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு. ஆனால் ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சுமார் 750 லிட்டர் வரை வீட்டில் ஒயின் செய்துகொள்ள வழி இருந்தது. தோல் தடித்த அலிகாந்தும் மற்ற பழங்களும் ரயிலேறிக் கிழக்குக் கரை நகரங்களுக்குப் போயின, தோட்டங்கள் தப்பின. பிறகு, பரோசாவில் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த அதே 1980-களில், கலிஃபோர்னியாவில் ‘வெள்ளை ஜின்ஃபாண்டெல்’ என்ற இளஞ்சிவப்பு இனிப்பு ஒயின் அமோகமாக விற்றது. அந்த ஒயினில் எனக்கு ருசி இல்லை. ஆனால் அதற்கு இருந்த கிராக்கிதான் முதிய கொடிகளை மண்ணில் நிறுத்தி வைத்தது. இப்போது லோடியில் விலை விழுந்து, நூறாண்டுத் தோட்டங்கள் அகற்றப்படுகின்றன. பரோசா பட்ட பாட்டை அவர்களும் படப்போகிறார்களே என்று நெஞ்சு பதைக்கிறது.

கலிஃபோர்னியாவின் பலவீனம் லேபிளில் இருக்கிறது. ‘பழங்கொடி’ என்று அச்சிட அமெரிக்கச் சட்டத்தில் எந்த வயது வரம்பும் இல்லை. மலிவான புட்டியில் அந்தச் சொல்லைக் கண்டு ஏமாற வேண்டாம்; தோட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு நேர்மாறான உதாரணம் ரிட்ஜ் நிறுவனத்தின் ‘கெய்சர்வில்’. எந்த ரகம் எத்தனை சதவீதம் என்று முகப்பிலேயே இருக்கும். பின்புறத்தில் சேர்மானப் பட்டியல். தண்ணீர் சேர்த்திருந்தால் அதன் சதவீதம் உட்பட. ரகத்தின் பெயரைப் போட அந்தப் பழம் 75 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். பல ஆண்டுகளில் இதில் ஜின்ஃபாண்டெல் அதற்குக் கீழே என்பதால் ஊர்ப் பெயரில் மட்டுமே விற்கிறார்கள். எனக்கு வேண்டிய நேர்மை இதுதான்.

பிரியோராட்டில் செங்குத்தான சரிவு, உடைந்த ஸ்லேட் பாறை, அதில் கிரனாஷும் கரிஞானும். 1989-இல் அல்வாரோ பலாசியோஸ் உள்ளிட்ட ஒயின்காரர்கள் சிலர் கைவிடப்பட்ட அந்தக் கொடிகளுக்கு மறுவாழ்வு கொடுத்தார்கள். கல்லின் வாசம் போன்ற ஒரு கடுமை அதில் உண்டு, எனக்குப் பிடிக்கும். ஆனால் நல்ல புட்டிகளின் விலை சட்டென்று எகிறிவிடுவதால் முதல் முயற்சிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காரமான சமையலோடு அருந்துவதானால் மூன்றிலும் எச்சரிக்கை வேண்டும்: ஆல்கஹால் கூடக்கூட மிளகாயின் எரிச்சலும் கூடும். வாட்டிய இறைச்சிக்குக் கலப்புத் தோட்ட ஜின்ஃபாண்டெல் பொருந்தும். பல மணி நேரம் வெந்த ஆட்டுக்கறிக்குப் பரோசா. வெப்பமான ஊரில் அறை வெப்பநிலையில் ஊற்றினால் சாராய நெடிதான் முன்னால் வரும். குளிர்பெட்டியில் சற்று நேரம் வைத்து, 16 முதல் 18 டிகிரிக்குள் ஊற்றுங்கள். நல்ல பரோசா ஷிராஸைப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் சேமித்து வைக்கலாம். ஜின்ஃபாண்டெலை அதன் பழச்சுவை துடிப்போடு இருக்கும்போதே, ஐந்தாறு ஆண்டுகளுக்குள் திறந்துவிடுவது நல்லது.