ஒரே வாரமா, வாரம் ஒரு மாலையா? கோடைக்காலக் கைவினை வகுப்பில் சேரும் முன்

பெரியவர்களுக்கான கோடைக்காலக் கைவினை வகுப்புகள் பெரும்பாலும் இரண்டு வகை. லீவு போட்டுவிட்டு ஐந்தாறு நாள் காலை முதல் மாலை வரை உட்காருவது ஒன்று. கோடை முழுக்க வாரம் ஒரு மாலை, இரண்டு மணி நேரம் போய்வருவது இன்னொன்று. பலரும் கட்டணத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். நான் முதலில் கேட்பது, எடுத்துக்கொண்ட வேலை காயவும் ஆறவும் எத்தனை நாள் கேட்கும் என்பதை.

மண்பாண்டத்தையே பாருங்கள். சக்கரத்தில் மண்ணை நடுவுக்குக் கொண்டுவருவதுதான் தொடக்கத்தில் உயிரை வாங்கும். முழங்கையைத் தொடையில் ஊன்றி, உள்ளங்கையின் அழுத்தம் மாறாமல் பிடிக்கக் கை பழக வேண்டும். வாரம் ஒருமுறை போனால், பழகியதில் பாதி கைக்கு மறந்துபோகும். இதில் ஒரே வார வகுப்புக்குத்தான் என் ஓட்டு.

ஆனால் வனைந்த கிண்ணம் நம் லீவுக்குள் அடங்காது. தோல் பதத்துக்கு, அதாவது வளையாமல் நின்றாலும் கத்தியால் சீவ வரும் அளவுக்கு, இறுகினால்தான் அடிப்பாகத்தைச் சீவலாம். பிறகு முழுக்க உலரப் பல நாள் வேண்டும். ஈரத்தோடு சூளையில் ஏற்றினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடித்துவிடும். முதல் சூளை சுமார் 1000 டிகிரி செல்சியஸ்; கிளேஸ் என்னும் கண்ணாடி போன்ற பூச்சைப் பூசிய பின் இரண்டாவது, ஸ்டோன்வேர் என்னும் கெட்டியான வகைப் பாத்திரம் என்றால் 1200க்கும் மேல். வாராந்தர வகுப்பில் இந்தக் காத்திருப்பெல்லாம் இடைப்பட்ட நாட்களிலேயே கழிந்துவிடும். சுட்ட பாத்திரத்தோடு வீடு திரும்ப ஆசையென்றால் அதுவே சரி.

நெசவு நேரெதிர். இங்கே காய எதுவும் இல்லை. பாவு (தறியின் நீளவாக்கு நூல்) ஓட்டி, ஒவ்வொரு இழையாக விழுதிலும் (இழைகளைத் தூக்கி இறக்கும் கண்ணிகள்) அச்சிலும் (இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு) கோக்கவே ஒரு நாள் போய்விடும். இரண்டு மணி நேர வகுப்பென்றால் முதல் சில வாரங்கள் நாடாவை (குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் கருவி) தொடாமலே ஓடும். அதனால் இதற்கு ஒரே வாரம்தான் மேல். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1929இல் லூசி மார்கன் தொடங்கிய பென்லண்ட் கைவினைப் பள்ளியின் வேரும் நெசவுதான். இன்றும் அங்கேயே தங்கித்தான் படிக்கிறார்கள்.

ஓவியத்தில் குழப்பமே இல்லை. நீர்வண்ணம் நிமிடங்களில் காயும், ஒரு வாரம் போதும். 1953இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் கோட்டையில் ஓவியர் ஆஸ்கர் கோகோஷ்கா நடத்திய கோடை வகுப்பிலும் மாணவர்கள் கையில் நீர்வண்ணம்தான். ஆயில் பெயின்ட்டில் அடுக்கடுக்காகத் தீட்டுவதாக இருந்தால், ஒரு பூச்சு காயவே நாட்கள் ஆகும், வாராந்தரமே மேல்.

வீடியோ வகுப்பு? குரோஷே, எம்பிராய்டரிக்குத் தாராளமாகப் போதும். புரியாத தையலை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். மண்ணில் கை எவ்வளவு அழுத்துகிறது என்பதைக் கேமரா காட்டாது.

எதில் சேர்ந்தாலும் பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி: ஆளுக்கொரு சக்கரமோ தறியோ உண்டா, வகுப்பு முடிந்தபின் சுட வேண்டியதைச் சுட்டு அனுப்புவார்களா? முதல் கேள்விக்கு "இல்லை" என்றால், ஐந்து நாள் வகுப்பில் பாதி நேரம் அடுத்தவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.