வழக்கமாக வருகிறவர் வராத நாளில்: ஒரு வீட்டுப் பராமரிப்புச் சேவை பற்றி

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் ஓய்ந்துபோன பிறகு, வீட்டுக்கு ஆள் அனுப்பும் இரண்டு ஏஜென்சிகளிடம் சேவை எடுத்திருக்கிறோம். முதலாவதை நிறுத்திவிட்டோம். இரண்டாவது இன்னும் தொடர்கிறது. விளம்பரத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது: பயிற்சி பெற்ற ஆட்கள், 24 மணி நேரமும் கவனிப்பு, அன்பான அணுகுமுறை. வழக்கமாக வருகிறவர் லீவு போடும் நாளில் என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான் நான் மதிப்பெண் போடுகிறேன்.

முதல் ஏஜென்சியில் மாற்று ஆள் வரத்தான் செய்தார், அதுவும் நேரத்துக்கு. ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பெரியவருக்கு என்ன பிரச்சினை?" என்று என்னிடம் கேட்டார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய், அப்பாவின் இடது கையைப் பிடித்து இழுத்து எழுப்பி உட்கார வைக்கப் பார்த்தார். வாதம் வந்த பக்கத்துத் தோளில் தசைகள் பிடிமானம் இல்லாமல் தளர்ந்திருக்கும். கையைப் பிடித்து இழுத்தால் மூட்டே நழுவிவிடும், அந்த வலி லேசில் போகாது. அப்பா வலியில் கத்தினார். ஆபீசுக்குப் போன் செய்தால், "ஆள் வந்துட்டாருல்ல மேடம்?" என்றார்கள். அதோடு சரி, அவர்களை நிறுத்திவிட்டோம்.

இப்போதைய ஏஜென்சி ஆளை அனுப்புவதற்கு முன்னால் மேற்பார்வை நர்ஸ் ஒருவரை அனுப்பியது. குளியல், உடை மாற்றுவது, கழிப்பறை, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலம் சிறுநீர் கட்டுப்பாடு, சாப்பாடு என்று ஆறு விஷயங்களில் அப்பாவால் எது முடியும், எதற்குத் துணை வேண்டும் என்று குறித்துக்கொண்டார். 1963-இல் காட்ஸ் என்ற மருத்துவர் வகுத்த அளவுகோல் இது, முதியோர் பராமரிப்பில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. படுக்கைப் புண் வரும் அபாயத்துக்குத் தனியாக பிரேடன் அளவுகோல் போட்டார். அதில் மதிப்பெண் குறையக் குறைய அபாயம் கூடும். இதெல்லாம் படிவம்தானே, யாரும் நிரப்பலாம். எனக்குப் பிடித்தது, கேள்விகளை என்னைப் பார்த்துக் கேட்காமல் அப்பாவைப் பார்த்துக் கேட்டதுதான். "ஐயா, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா உங்களுக்குத் தூக்கம் வரும்?" அப்பாவுக்குப் பேச்சு குழறும். அவர் சொல்லி முடிக்கும் வரை அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அப்பா தையற்காரர். துணியில் ஒரு சுருக்கம் இருந்தாலும் பொறுக்க மாட்டார். விரிப்பு கசங்கியிருந்தால் வலது கையால் தடவித் தடவி இழுத்துவிடுவார். வீட்டில் நாங்கள் அதைப் பிடிவாதம் என்றே நினைத்திருந்தோம். பகல் டூட்டிக்கு வருகிற தம்பிதான், "ஐயா செய்றது சரிதான்கா. அசையாம படுத்திருக்கிறவங்களுக்கு விரிப்புச் சுருக்கமே தோலை அழுத்திப் புண்ணாக்கும்" என்றார். இப்போது விரிப்பு மாற்றும் வேலையை இருவரும் சேர்ந்து செய்கிறார்கள். தம்பி நாலு மூலையையும் இழுத்துச் செருகுவார், அப்பா கையால் தடவிப் பார்த்து, சரி என்று தலையாட்டுவார். பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா பொறுப்பெடுத்துச் செய்கிற முதல் வேலை அது. இதை எந்தக் கட்டணப் பட்டியலிலும் பார்க்க முடியாது.

அந்தத் தம்பியின் மற்ற வேலையும் இதே நேர்த்திதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பார். நேர் பக்கவாட்டில் போட்டால் இடுப்பெலும்பில் பாரம் விழும் என்று, முதுகுக்குத் தலையணை வைத்து 30 டிகிரி சாய்வில் நிறுத்துவார். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையைத் தொடாமல் பார்த்துக்கொள்வார். எங்காவது சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்ப்பார். அழுத்தி எடுத்ததும் வெளுத்து மறுபடி சிவந்தால் சரி, வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்குகிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது என்பதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஏர் பெட் வாங்கியாயிற்றே, இனி திருப்ப வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது துணைக்குத்தான், திருப்பித்தான் ஆக வேண்டும்.

சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார வைப்பது, முடிந்ததும் இடது கன்னத்துக்குள் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, அரை மணி நேரம் படுக்க விடாமல் இருப்பது, எல்லாம் கட்டிலில் தொங்கும் நோட்டில் நேரத்தோடு எழுதப்படுகிறது. மாற்று ஆள் வந்தால் முதலில் அந்த நோட்டைப் படிக்க வேண்டும் என்பது ஏஜென்சியின் விதி. தம்பி லீவு போட்டபோது வந்தவர் அதைப் படித்துவிட்டு, "இடது தோள்ல கை வைக்கக் கூடாது, சரிதானுங்களா?" என்று அப்பாவிடமே கேட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

குறைகளும் இருக்கின்றன. பில் எப்போதும் தாமதம், திருத்தி வாங்க இரண்டு மூன்று தடவை கூப்பிட வேண்டும். பிசியோதெரபிக்கு வெளியாளை அனுப்புகிறார்கள், அவர் வரும் நேரம் அவருக்கே தெரியாது. இவை பொறுத்துக்கொள்ளக் கூடியவை. ஆனால் ஆரம்பத்தில் ஒரே ஆளை ராத்திரி பகலாக நிறுத்தும் திட்டத்தைத்தான் விற்கப் பார்த்தார்கள். கட்டணம் குறைவுதான். இரண்டு மணிக்கொருமுறை எழுந்து திருப்புகிறவர் எப்போது தூங்குவார்? தூக்கமில்லாத ஆள் தாங்கிப் பிடிக்கும்போது இருவரும் விழுவார்கள். இரண்டு ஷிப்ட் இல்லாமல் எடுக்காதீர்கள். வசதி இல்லையென்றால் ராத்திரியை வீட்டார் முறை வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் சில மாதம் அப்படித்தான் ஓடியது.

இன்னொன்று, வருகிறவர் அட்டெண்டரா நர்ஸா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊசி, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது இதெல்லாம் நர்ஸ் வேலை. அட்டெண்டரிடம் கேட்டால் தயக்கத்தோடு செய்துவிடக்கூடும், அவரை அந்த நிலைக்குத் தள்ளக் கூடாது.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போகிறோம். ராத்திரி டூட்டிக்கு மாற்றாக வரக்கூடிய இருவரை முன்கூட்டியே ஒரு பகல் முழுக்க தம்பியோடு இருந்து பழகிப்போகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த நாளுக்கான கட்டணத்தை நாங்களே தருகிறோம் என்றும் சொல்லிவிட்டேன்.