டெண்டர் முறைகேட்டுக்கு எது மருந்து: இடமாற்றமா, இணைய டெண்டரா?

பெங்களூரு அல்சூரில் ஒப்பந்த வேலை பார்க்கும் நம்மாட்கள் கூடினால் இந்தச் சண்டைதான்: டெண்டர் பார்க்கும் அதிகாரிகளை அடிக்கடி இடம் மாற்றுவதா, டெண்டரை இணையத்தில் நடத்துவதா?

செலவு: இணையத்துக்குப் பணம் வேண்டும். இடமாற்றத்துக்கு வேண்டாம், ஆனால் புது ஆள் பழகும்வரை பில் தூங்கும்.

மனசு: தப்பு பெரும்பாலும் பேராசையில் தொடங்குவதில்லை; முதலில் தீபாவளி ஸ்வீட் பாக்ஸ், பெண் கல்யாணத்துக்குக் கனமான மொய், அப்புறம் நன்றிக்கடன், 'எல்லாரும்தானே வாங்குறாங்க' என்ற சமாதானம். இதை வெட்ட இடமாற்றம்தான் சரி. இணையத்தில் ஏற்றினாலும், ஒருவருக்கே பொருந்துகிற நிபந்தனையை எழுதுவது மனுஷன்தானே!

ஏய்ப்பு: இடமாற்றத்தைச் சிபாரிசில் நிறுத்தலாம். இணையத்துக்கும் சந்து உண்டு: கர்நாடகத்தின் 1999 கொள்முதல் வெளிப்படைச் சட்டத்தில் 4(ஜி) பிரிவில், குறிப்பிட்ட கொள்முதலுக்கு அரசு தரும் விலக்கை வாங்கினால் டெண்டரே கிடையாது.

போட்டி நிறைய உள்ள சாதாரணப் பொருட்களுக்கு இணையம் போதும். நிபந்தனை எழுதுகிற, அளவு பார்த்து பில் பாஸ் பண்ணுகிற நாற்காலிகளுக்கு இடமாற்றம்.